செம்பி உட்கார்ந்த இடம்

முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, செம்பி தோற்க வேண்டும் என்று சுதா வேண்டிக்கொண்டாள்.

உத்திரமேரூர் கல்யாண மண்டபத்தில் பத்து அட்டைப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றுக்குள் மட்டும் கிராம்பு எண்ணெய் தொட்ட பஞ்சு. நாய் அதை மோந்து கண்டுபிடித்து, முன்னால் அசையாமல் உட்கார வேண்டும். இரண்டு நிமிடம்தான்.

காஞ்சிபுரத்திலிருந்து காரில் வந்த நாய்களெல்லாம் முடித்துவிட்டன. அடுத்தது செம்பி. சாலவாக்கம் பேருந்து நிறுத்தத்தில் கிடந்த நாட்டு நாய்.

சுதாவின் கணவன் ஜெகன் மண்டியிட்டு அதன் காதில் ஏதோ சொன்னான்.

அவளோடு அவன் பேசி இருபத்திரண்டு நாள் ஆகிறது.

அன்று கத்தியது அவள்தான். "அது தும்முனா எழுந்து குந்திக்கிற. நான் இருமுனா திரும்பிப் படுத்துக்கிற. பேசாம அதையே கட்டிக்கினு குடும்பம் நடத்துயா!"

"போட்டியில தோத்தா அத மோகன் வயல் மோட்டார் கொட்டாயில வுட்டுட்றேன். போதுமா?"

கட்டிய கணவன் கடைசியாகப் பேசியது அதுதான்.

அதன் பிறகும் தினமும் விடியும் முன்னே எழுந்து கொல்லைப்புறத்தில் நாயோடு பயிற்சி. வீட்டில் வாசனை பரவினால் நாய் குழம்பிவிடும் என்று எண்ணெய்ப் புட்டியை மாட்டுக்கொட்டகையில் ஒரு டப்பாவுக்குள் பூட்டி வைத்திருந்தான். அவன் கையைத் தவிர வேறு கை அதைத் தொட்டதில்லை. பயிற்சி முடிந்து உள்ளே வந்து, பையை எடுத்துக்கொண்டு நாலரை மணி கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவான். அப்போது சுதா நல்ல தூக்கத்தில் இருப்பாள்.

இன்று ஞாயிறு, ஷிப்ட் இல்லை. இருந்தும் பயிற்சி நடந்தது.

அந்தக் கோபத்தில்தான் பூ வைக்காமல், நேற்றைய பின்னலைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தாள்.

விசில் ஒலித்தது.

செம்பி முதல் பெட்டியை மோந்தது. இரண்டு. மூன்று. நாலாவதில் நின்று தலையைத் தூக்கியது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

பெட்டிகளை விட்டுவிட்டு நாற்காலிகள் பக்கம் நடந்தது.

நேராக சுதாவிடம் வந்தது. மடியில் முன்னங்கால்களை வைத்து, தோளில் கிடந்த பின்னலை மேலிருந்து கீழ்வரை மோந்தது. பிறகு இறங்கி, அவள் முன்னால் அசையாமல் உட்கார்ந்தது.

கூட்டம் சிரித்தது. நடுவர் தேஜஸ்வினி குனிந்து கேட்டாள். "கிராம்பு எண்ணெய் ஏதாவது தொட்டீங்களாக்கா?"

"அந்தப் புட்டிய கண்ணால கூட பார்த்ததில்லம்மா."

"அப்போ அதைத் தொட்ட கை உங்க தலைய தொட்டிருக்கணும். லேசா வருடியிருந்தா கூட போதும், நாய்க்குத் தெரிஞ்சிடும்."

சுதா நிமிர்ந்து ஜெகனைப் பார்த்தாள்.

அவன் தரையைப் பார்த்தபடி நாய்க்கயிற்றைக் கையில் சுற்றினான். அவிழ்த்தான். மறுபடி சுற்றினான். காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன.

அவள் பின்னல் நுனியை எடுத்து மோந்து பார்த்தாள். தேங்காய் எண்ணெய் வாசம்தான் வந்தது.

"பஞ்சு இருந்தது ஏழாவது பெட்டி. செம்பி தவறவிட்டது" என்று ஒலிபெருக்கி சொன்னது.

செம்பி இன்னும் நகரவில்லை. சரியாகக் கண்டுபிடித்தால் கிடைக்க வேண்டியதற்காக, நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தது.

சுதா எழுந்தாள். ஜெகனின் சட்டைப்பைக்குள் கைவிட்டு, அவன் அதற்காக வைத்திருந்த கருவாட்டுத் துண்டை எடுத்துச் செம்பியின் வாயில் வைத்தாள்.