குப்பம்மாவின் கல்

மலைமேல் தொலைநோக்கி வைத்து வானம் பார்க்கிறவர்களுக்கு என் பெண்சாதிதான் சோறாக்கிப் போடுகிறாள். அதிலே சபேசன் என்கிறவன் சூரியனைச் சுற்றுகிற ஒரு சின்னக் கல்லைக் கண்டுபிடித்தானாம். கண்டுபிடித்தவன் தன் பெயரையே வைத்துக்கொள்ளக் கூடாதாம், வேறு பெயர் எழுதிக் கேட்கலாமாம். அவன் அந்தக் கல்லுக்கு என் பெண்சாதி பெயரை எழுதிக் கேட்டு வாங்கிவிட்டான். இன்று காலையில் ஜிலேபியோடு வந்து சொல்லிவிட்டுப் போனான். சும்மா எவன் கொடுப்பான்?

"அவனுக்குப் பொண்டாட்டி இல்லியா, ஆத்தா இல்லியா?" என்றேன்.

"இருக்காங்க. அதுக்கு?" அவள் கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"குப்பைன்னு ஒரு பேரு. அதைக் கொண்டுபோயி வானத்துல வச்சிருக்கான் பாரு."

"பேருக்கு என்னா அர்த்தம்னு எழுதிக் குடுக்கணுமாம். கேட்டாரு, சொன்னேன். எனக்கு முன்னால மூணு புள்ள செத்துச்சு. எமன் தொடக் கூடாதுன்னு என்னைக் குப்பைமேட்டுல கெடத்தி எடுத்து வச்ச பேருன்னு."

"எங்கிட்ட சொன்னதில்லியே."

"நீ எங்கய்யா கேட்ட?"

கேட்டதில்லைதான். பெண்சாதியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் எங்கள் சனத்தில் கிடையாது. கலியாணம் ஆனதிலிருந்து 'இந்தாடி'தான். யாரோ ஒருத்தன் வாய் நிறையச் சொல்கிற பெயரை நான் சொன்னால் என்ன கெட்டுப்போகும்?

ஜிலேபியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய் அவள் பின்னால் நின்றேன்.

"குப்பம்மா" என்றேன்.

துலக்கிய கை நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். என்னை அல்ல. ஒன்றுமே கண்ணுக்குத் தெரியாத அந்தப் பகல் வானத்தை.