ஷைஜாவின் ஜெப விண்ணப்பம்

"நாளைக்கு உங்க கம்பெனியில என்ன முடிவெடுக்கப் போறாவ? எங்கிட்டகூட சொல்லக் கூடாதா?" ஆலயத்துக்குக் கிளம்பும்போது ஷைஜா கேட்டாள்.

"கூடாதுட்டி. வெளியே தெரிஞ்சா வேலை போயிரும்," என்றான் ஜெப்சன்.

கேம் கருவி செய்கிறவர்களுக்குச் சிப் மட்டும் விற்றுவந்த அவனது கம்பெனி, இனி கருவியையே செய்து விற்கலாமா என்று யோசித்தது. வேண்டாம் என்று அவன் ஒருவன்தான் மன்றாடிக்கொண்டிருந்தான்.

ஆராதனையில் போதகர் ஜெப விண்ணப்பங்களை வாசித்தார். "ஜெப்சனின் கம்பெனி நாளை எடுக்கும் முடிவு நல்லபடி நிறைவேற, மனைவி ஷைஜா கேட்டுக்கொள்கிறார்."

சபை முழுவதும் "ஆமென்" என்றது. ஜெப்சனும் வாயசைத்தான்.

"எதுக்குட்டி குடுத்த?" என்றான் வெளியே வந்ததும்.

"சோறு திங்காம மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருந்தா, நான் பின்ன என்ன செய்ய?"

மறுநாள் மதியம், இருவரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கையில், ஜெப்சனின் போனில் செய்தி வந்தது. முடிவு நிறைவேறிவிட்டது என்று மட்டும் அவளிடம் சொன்னான்.

"பாத்தியளா, ஆண்டவர் கேட்டுட்டாரு!" என்று துள்ளிய ஷைஜா, தன் ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்தாள். "அப்படியே எங்க கம்பெனிக்கும் சிப்பைச் சீக்கிரம் அனுப்பச் சொல்லுங்க. அது வராம எங்க கேம் கருவியெல்லாம் பாதியில கெடக்கு."

ஜெப்சன் போனைக் கவிழ்த்து வைத்தான். கருவி செய்யும் மற்ற கம்பெனிகளுக்கு இனி சிப் கிடையாது என்பதுதான் அந்தச் செய்தியின் முதல் வரி.