க்யூ உண்டு, யூ இல்லை

“தூங்கிடாதீங்க! க்யூ இருக்கணும், யூ இருக்கக் கூடாது. ஒரு வார்த்தை சொல்லுங்க, சீக்கிரம்!”

இருட்டுக்குள் அவள் கத்தினாள். வாயெல்லாம் காரைத் தூள்.

இடிந்த சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கணவரின் குரல் மெல்ல வந்தது. “க்வீன்.”

க்வீனா? ஞாயிற்றுக்கிழமையானால் எழுத்துக் கட்டைகளைப் பரப்பிவைத்துக்கொண்டு, ஆங்கில வார்த்தை விளையாட்டில் அவளோடு மல்லுக்கு நிற்கிற மனிதர். யூ இல்லாத க்யூ வார்த்தைகளெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

“அதுல யூ இருக்குங்க! நிகாப் சொல்லுவீங்க, ஃபகீர் சொல்லுவீங்க... என்ன ஆச்சு உங்களுக்கு?”

“தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. அஞ்சே நிமிஷம் கண்ணை மூடிக்கிறேனே, ஜட்ஜம்மா.”

ஓர் எழுத்துக்கூட விட்டுக்கொடுக்காதவள் என்பதால் அவர் வைத்த பட்டப்பெயர் அது.

“மூடித்தான் பாருங்களேன்! தலையில அடிபட்டவங்க தூங்கக் கூடாதுன்னு தெரியாதா?”

மத்தியானம் பெய்த பேய்மழையில் அவர்களுடைய அட்டைப்பெட்டிப் பட்டறையின் கூரை அப்படியே இறங்கிவிட்டது. அட்டை வெட்டும் மேசைக்கு அடியில் அவள் மாட்டிக்கொண்டாள். முழங்காலுக்குக் கீழே கால் இருப்பதே தெரியவில்லை. அதை நினைக்க இப்போது நேரம் இல்லை. பக்கத்துப் பசை அறைக்குப் போகிறேன் என்று அவர் எழுந்துபோய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கூரை விழுந்துவிட்டது. தலையில் அடி, தூக்கம் தூக்கமாக வருகிறது என்று அவரே சொல்லிவிட்டார்.

எங்கோ இயந்திரம் உறுமியது. ஆட்கள் வந்துவிட்டார்கள் போல. அவர்கள் தோண்டி எடுக்கும்வரை அவரைப் பேசவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் மூச்சும் நின்றுவிடும் என்று அவள் நடுங்கினாள்.

“சரி, ரெண்டு இசட் வரணும். நான் பஸில். நீங்க?”

“பிஸி.”

“பிஸிக்கு எஸ்! அதுவும் ஒண்ணே ஒண்ணு!”

“இந்த ஒரு தடவை விட்டுக்கொடேன்.”

“பதினோரு வருஷத்துல விட்டுக்கொடுத்திருக்கேனா?”

“எங்க விட்டே? நம்ம கல்யாணப் பத்திரிகையிலேயே மூணு தப்பு கண்டுபிடிச்சவளாச்சே!”

சிரித்தாள். சிரித்தால் விலா வலித்தது. காதுக்குப் பின்னாலிருந்து ஈரம் வழிந்து கழுத்தில் இறங்கியது. மழை ஒழுகுகிறது போல. குளிர் எடுத்தது. இருட்டு ஒரு போர்வையாக, இதமாக, மேலே மேலே வந்து மூடியது...

“ஜட்ஜம்மா! எங்கே போனே? எனக்குப் பயமா இருக்குடி. எக்ஸ்ல முடியணும், சொல்லட்டுமா? சாக்ஸ்!”

திடுக்கிட்டு விழித்தாள். “சாக்ஸா? அதுல எக்ஸ் எங்கங்க இருக்கு? பாக்ஸ்னு சொல்ல மாட்டீங்களா? பொழுது விடிஞ்சா அதைத்தானே செய்யறீங்க!”

“மறந்துபோச்சு...” அவர் குரல் உடைந்தது.

பெட்டி செய்கிறவருக்குப் பெட்டியே மறந்துவிட்டது! தலைக்குள்ளே எது நொறுங்கியதோ? அவள் கை தானாகக் கூப்பிக்கொண்டது. ‘கடவுளே, என்னை எடுத்துக்கோ. அந்த மனுஷனை விட்டுடு.’

அவள் ஓயவில்லை. எழுத்துக்கு மேல் எழுத்தாகக் கேட்டாள். அவர் தப்பும் தவறுமாக உளறினார். தொண்டை கட்டிப்போய், பேச்சு வெறும் காற்றாகிவிட்ட பின்னும் அவள் திருத்திக்கொண்டே இருந்தாள்.

திடீரென்று தலைக்கு மேலே கூரைத் துண்டு ஒன்று நகர்ந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. தலைக்கவசம் போட்ட மீட்புக்காரர் ஒருவர் குனிந்து அவளைத் தொட்டார்.

“என்னை விடுங்க சார்! சுவருக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் கிடக்கிறார். தலையில பலமான அடி. எல்லா வார்த்தையும் தப்புத் தப்பா சொல்றார். முதல்ல அவரைத் தூக்குங்க!”

மீட்புக்காரர் அவள் காதுக்குப் பின்னால் பஞ்சை வைத்து அழுத்தினார். வெள்ளைப் பஞ்சு நொடியில் சிவந்தது. பிறகு அவர் கொஞ்சம் விலகி வழிவிட்டார்.

பின்னால் கணவர் நின்றிருந்தார். சட்டையின் முன்பக்கம் பூராவும் சேறு. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

“லாரி வந்த சத்தம் கேட்டு வாசலுக்குப் போனவர், தப்பிச்சுட்டார்மா. அடிபட்டது உங்க தலையில. தலையில அடிபட்டிருந்தா உங்களைத் தூங்கவிடக் கூடாதுன்னு எங்களோட வந்த டாக்டர் சொன்னதும், ‘தூங்காதேன்னு சொன்னா அவ கேக்க மாட்டா, நான் தப்பாச் சொன்னா திருத்தாம தூங்க மாட்டா’ன்னு, மூணு மணி நேரமா மழையில குப்புறப் படுத்து, அந்தச் சுவர் ஓட்டையில வாயை வெச்சுக்கிட்டு இருந்தார்.”