சுத்தமான நிலம்

அரசாங்கக் கார் வேலியோரம் வந்து நின்றபோது, விஸ்டின் சம்மட்டியை ஆட்டுக்கொட்டிலுக்குள் வீசிவிட்டு, கையில் அப்பியிருந்த சுண்ணாம்புத் தூளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வந்துட்டாங்கய்யா, தொல்பொருள்காரங்க! எந்தப் பாவி போட்டுக் கொடுத்தானோ!” என்று பதறினாள் அவர் மனைவி சென்சா.

“நீ வாயைத் திறக்காதே. நான் பேசிக்கிறேன்.”

கடலைப் பார்த்த மாதிரி நாலு அறை கட்டி, கோசோத் தீவைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட வேண்டும் என்பது இருவருக்கும் வெகுநாள் கனவு. அஸ்திவாரம் தோண்டியபோதுதான் அந்தக் கற்கள் தலைகாட்டின. ஆளுயரம், மேலெல்லாம் சுருள்சுருளாகச் செதுக்கல். பிரமிடுகளுக்கும் மூத்த கோயில் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

அடுத்த ஊர் நென்னுவுக்கும் இப்படித்தான் ஒரு கல் கிடைத்தது. மறுநாளே வேலி போட்டுவிட்டார்கள். சொந்த நிலத்தில் அவனால் ஒரு வெங்காயம் நட முடியவில்லை. விஸ்டின் யோசிக்கவே இல்லை. அத்தனை கல்லையும் உடைத்துச் சரளையாக்கிக் கடலில் கொட்டிவிட்டார்.

காரிலிருந்து இறங்கிய அதிகாரி ஒரு பெண்மணி. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். “இங்கே பழங்காலத்துக் கல்லு, பானை ஓடு, ஏதாவது கிடைச்சிருக்கா?”

“மாதா மேல சத்தியமா இல்லீங்க மேடம். எங்க தாத்தா காலத்திலேருந்து உழுறோம். உருளைக்கிழங்கைத் தவிர ஒண்ணும் வந்ததில்லை.”

“சுத்துவட்டாரத்திலே?”

“பேச்சுக்குக்கூடக் கிடையாது!” சென்சா முந்திக்கொண்டாள். “சுத்தமான நிலம் மேடம்!”

அதிகாரி முகத்தில் ஏமாற்றமே இல்லை. பக்கத்து மேட்டை ஒரு பார்வை பார்த்தார். “காத்து எப்படி அடிக்கும்?”

“அந்த மேட்டிலேருந்து எங்க தலைக்கு மேல போய்க் கடலுக்கு. ஊருக்குள்ளே ஒரு பொட்டுத் தூசி போகாது” என்றார் விஸ்டின் பெருமையாக.

“அருமை!” அதிகாரி கை குலுக்கிவிட்டுக் காரில் ஏறினார்.

விஸ்டினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கொஞ்சம் துணிச்சலும். “தொல்பொருள் ஆபீசுல இருந்துக்கிட்டு, ஒண்ணுமில்லேன்னா இவ்வளவு சந்தோஷப்படுறீங்களே மேடம்?”

“தொல்பொருளா? நான் குப்பை இலாகா. தீவுக்கே பொதுவான கிடங்கு இந்த மேட்டுல வருது. பக்கத்துல ஒரே ஒரு பழங்கல்லு இருந்திருந்தாலும் எங்களை உள்ளேயே விட்டிருக்க மாட்டாங்க!”