சட்டை போட்டுவிட்டது யார்?

"இந்தச் சட்டையை உங்களுக்கு யார் போட்டுவிட்டது?" நீதிபதி அம்மா கேட்டார்.

பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோன லாரி டிரைவர் தரையைப் பார்த்தார்.

பக்கத்திலிருந்த மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் இந்த மனுஷனின் வீறாப்பால் வந்த வினை. வீட்டுக்கு விசாரிக்க வந்த அதிகாரியிடம், "எனக்கென்ன சார், எல்லாம் நானே பாத்துக்குவேன்" என்று பெருமை பேசி வைத்தார். மாற்றுத்திறனாளி உதவித்தொகை நின்றுபோனது. வக்கீல் வைக்க வழியில்லாமல் அப்பீலுக்குத் தாங்களே வந்திருந்தார்கள்.

"நான் சொல்றேம்மா..."

"நீங்க பேசாதீங்க. அவர் சொல்லட்டும். யார் போட்டுவிட்டது?"

"இவ."

"குளிப்பாட்டுறது?"

"இவதான்."

"பாத்ரூம் போனா கழுவிவிடறது?"

நாலு பேர் முன்னால் கேட்கிற கேள்வியா இது? டிரைவரின் மீசை துடித்தது. நீயும் ஒரு பொம்பளையா என்று மனைவி மனசுக்குள் சபித்தாள்.

அரசாங்க வக்கீல் எழுந்தார். டிரைவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி வைத்தார்.

"விட்டுடலாம் மேடம். பாவம், கூசிப்போறார். மனுஷனுக்கு மானம்னு ஒண்ணு இருக்கே. அதிகாரி ரிப்போர்ட்தான் இருக்குதே, அது போதும்."

இத்தனை பேரில் ஈரமுள்ள ஆள் இவர் ஒருத்தர்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

"உக்காருங்க," என்றார் நீதிபதி. மறுபடி டிரைவர் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க. யாரு?"

"இவதாம்மா... எல்லாமே இவதான். ஒரு வாய் சோறுகூட நானா எடுத்துச் சாப்பிட முடியல." டிரைவர் உடைந்து அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்க்காத அழுகை அது.

நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு படித்தார்.

"உதவித்தொகையை நிறுத்தினது செல்லாது. நின்ன மாசத்துல இருந்தே கணக்குப் பண்ணிக் கொடுக்கணும்."

அவள் முந்தானையால் புருஷனின் கண்ணைத் துடைத்துவிட்டாள். ஆனாலும் அந்தக் கல்நெஞ்சுக்காரிக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. புருஷனை நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டு, நல்ல வார்த்தை பேசிய அந்த வக்கீலைத் தேடி வெளியே ஓடினாள்.

வராந்தாவில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"தோத்துட்டோம் சார். அந்த ஆள் வெக்கப்பட்டு வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தான். நானும் நைசா கேள்வியை நிறுத்தப் பார்த்தேன். ஜட்ஜம்மா விடல, அவன் வாயாலயே சொல்ல வெச்சு அவனைக் காப்பாத்திட்டாங்க."