ஆறு மாத நீட்டிப்பு

"அவளைத் தொடாதீங்க!"

கட்டிலுக்கும் ஆய்வு அதிகாரிக்கும் நடுவில் பாய்ந்து வந்து நின்றான் கணவன். போர்வையை விலக்கப் போன அதிகாரியின் கை அந்தரத்தில் நின்றது.

"காலைப் பார்க்காம நான் என்னத்தை எழுதறது? மூணு மாடி ஏறி வந்தது உங்க மூஞ்சியைப் பார்த்துட்டுப் போகவா?" என்றாள் அந்த அம்மாள். காப்பீட்டு நிறுவனத்தில் பதினேழு வருட சர்வீஸ். பொய்க் கட்டுகளைப் பார்த்துப் பார்த்து, நிஜக் கட்டைக் கண்டாலும் சந்தேகப்படுகிற அளவுக்கு ஊறிப் போனவள்.

கட்டிலில் கிடந்தவள் அவன் மனைவி. ஸ்கூட்டரில் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள். பத்து மாதத்துக்கு முன் சிக்னலில் நின்றவளைப் பின்னால் வந்த லாரி இடித்துத் தள்ளியதில், இடுப்பெலும்பும் வலது தொடையும் நொறுங்கிவிட்டன. மறுபடி வேலைக்குப் போகும்வரை என்ற கணக்கில், சம்பளத்தில் பெரும்பகுதியைக் காப்பீட்டு நிறுவனம் மாதாமாதம் உதவித்தொகையாகக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அதிகாரி அவள் பக்கம் குனிந்தாள். "உன்னால எழுந்து நிக்க முடியுமா?"

"முடியாதுங்க மேடம்," என்றான் கணவன்.

"நான் அவளைக் கேட்டேன்."

"அவளுக்கும் சேர்த்து நான்தான் பேசறேன். தலை வாரி விடறது, சோறு ஊட்டறது, துணி மாத்தறது எல்லாமே நான்தான். ஏசி மெக்கானிக் வேலையை விட்டுட்டு வீட்டோட கிடக்கேன். நீங்க குளுகுளுன்னு உக்கார்ற ரூமை என்னை மாதிரி ஒருத்தன்தான் ரிப்பேர் பண்ணியிருப்பான். எங்க கஷ்டம் உங்களுக்கு எங்க புரியும்?"

"புராணம் வேண்டாம்," என்று அதிகாரி ஃபைலைப் புரட்டினாள். "நாலு மாசத்துல நடந்துடுவாங்கன்னு ஆபரேஷன் பண்ண டாக்டர் எழுதியிருக்கார். நடக்கப் பழக்கிவிட ஒருத்தர் வந்தாரே, அவர் பில் அஞ்சாவது வாரத்தோட நின்னு போயிருக்கு. ஏன்?"

"வலி தாங்காம கதறினா மேடம். இனிமே இந்தப் பக்கம் வராதீங்கன்னு நான்தான் அவரை அனுப்பிட்டேன். பொண்டாட்டி அழறதைப் பார்த்துட்டு எந்தப் புருஷன் சும்மா இருப்பான்?"

"நல்ல கதை."

"எது கதை? லாரி இடிச்சது கதையா? இவ எலும்புல கம்பி வச்சிருக்கே, அது கதையா?" அவன் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வாசலில் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

எதிர்வீட்டுப் பெண்மணி உள்ளேயே வந்துவிட்டாள். "படுத்துக் கிடக்கிற பொண்ணுகிட்ட ஏம்மா வம்பு பண்றீங்க? இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும். ஒரு டம்ளர் தண்ணிகூட அவளை எடுக்க விடமாட்டார். உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?"

"கேளுங்கம்மா, நல்லாக் கேளுங்க," என்றான் கணவன். வாசலில் முணுமுணுப்பு வலுத்தது. "இரக்கமே இல்லாத ஜென்மம்," என்று யாரோ சொன்னது அதிகாரியின் காதிலும் விழுந்தது.

அவள் முகம் சிவந்தது. பேனாவை எடுத்து விறுவிறுவென்று நாலு வரி எழுதினாள்.

"இன்னும் ஆறு மாசத்துக்கு நீட்டிக்கலாம்னு எழுதிட்டேன், போதுமா? ஆனா உங்க கையெழுத்து செல்லாது. அவங்கதான் போடணும்."

கணவன் முகம் பளிச்சென்று மலர்ந்தது. மனைவியைத் தூக்கித் தலையணையில் சாய்த்து, அவள் விரல்களுக்கு நடுவே பேனாவைச் செருகினான். "போடும்மா. மேடம் நேரமாச்சுங்கறாங்க பாரு."

அவள் பேனாவைப் பிடித்தாள். முனை காகிதத்தில் படவில்லை. அவன் தோளைத் தாண்டி, முதல் முறையாக அதிகாரியை நேருக்கு நேர் பார்த்தாள். குரல் தெளிவாக வந்தது.

"நீட்டிக்காதீங்க மேடம்... பணம் நின்னாத்தான் இவர் என்னை நடக்க விடுவார்."