யார் வீட்டுப் பித்தளை?

"கையை எடுடா டெல்பர்ட்! நீ அள்ளுறது என் கூடு."

"உன் கூடா? பேர் எழுதி ஒட்டியிருக்கா?"

ஹார்லனின் கார் கொட்டகையில் காலையிலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. இருவருக்கும் நடுவே ஒரு பெரிய சல்லடை. அதில் சுட்ட தோட்டாக்களின் காலிப் பித்தளைக் கூடுகள் பளபளவென்று கிடந்தன. வால்நட் ஓட்டுத் தூளோடு சேர்த்து உருட்டித் தேய்க்கும் இயந்திரம் ஹார்லனுடையது. "தனித்தனியா எதுக்கு? ஒண்ணாவே போட்டுடலாம், கரண்ட்டு மிச்சம்" என்று யோசனை சொன்ன மகானுபாவன் டெல்பர்ட்.

"அடியில சிவப்பு மை வெச்சிருக்கேன்னு சொன்னியே, எங்கடா மை?"

"உன் மெஷின்தான் தின்னுடுச்சே! ரெண்டு மணி நேரம் ஓட்டினா போதாதா? விடிய விடிய ஓடட்டும்னு சொன்னது யாரு?"

"நீயும்தானே பக்கத்துல நின்னு, இன்னும் ஓடட்டும் இன்னும் ஓடட்டும்னு தலையாட்டினே!"

சாதாரணத் தோட்டாவாக இருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது. இது பழைய காலத்து அளவு. புதுக் கூடு எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. சுட்டதையே பொறுக்கித் தேய்த்து, அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, மறுபடி மருந்து அடைத்துச் சுட வேண்டும். வயோமிங்கில் அந்தச் சின்ன ஊரில் இந்த அளவுத் துப்பாக்கி வைத்திருப்பது மூன்றே பேர். இவர்கள் இருவர், மூன்றாவது, வருஷா வருஷம் கிளப் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகிற இர்மா. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கோப்பைப் போட்டி. கூடு இல்லாதவன் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

"சரி, பாதிப் பாதியா பிரி" என்றான் ஹார்லன்.

"அஸ்கு புஸ்கு! என்னுது ஒரே தடவை சுட்டது. உன்னுது எட்டுத் தடவை சுட்டு நைஞ்சது. கலந்து அடைச்சா என் மூஞ்சியிலேயே வெடிக்கும்."

"வெடிக்கட்டும். மூஞ்சி கொஞ்சம் திருந்தும்."

"இனிமே மீன் பிடிக்க என் படகுல கால் வெச்சுப் பாரு!"

"உன் படகா? அது மிதக்குற ஓட்டை வாளிடா!"

டெல்பர்ட் சல்லடையை இழுத்தான். ஹார்லன் மறுபக்கம் இழுத்தான். வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றதை இருவருமே கவனிக்கவில்லை.

"என்னப்பா இது, தபால் ஆபீஸ் வரைக்கும் சத்தம் கேக்குது?"

இர்மாவேதான். எழுபது வயதுப் பாட்டி, ஆனாலும் நிமிர்ந்த நடை. இருவரும் சல்லடையைப் பட்டென்று விட்டார்கள்.

"ஒண்ணுமில்லைங்க" என்றார்கள் ஒரே குரலில்.

இர்மா விடவில்லை. துருவித் துருவிக் கேட்டு விஷயத்தைக் கறந்துவிட்டார்.

"அட, இவ்வளவுதானா? நானே தீர்த்து வைக்கிறேன். நான்தான் இந்த வருஷம் போட்டியில இல்லையே. யார் ஜெயிச்சா எனக்கென்ன?"

"ஐயையோ, நீங்க இல்லாமலா?" என்று டெல்பர்ட் வருத்தப்பட்டான்.

"கூடு பத்தலையேப்பா. சுட்டுட்டு குறிப்பலகையைப் பார்த்துட்டு வர்றதுக்குள்ள பாதியைக் காணோம். ஹார்லன், நீதானே சொன்னே, பளபளன்னு இருந்தா காக்கா தூக்கிட்டுப் போயிடும்னு?"

"ஆமாங்க, பொல்லாத காக்கா" என்றான் ஹார்லன் அவசரமாக.

"அதை விடு. ரெண்டு பேரும் துப்பாக்கியை எடுத்துட்டு வாங்க. சுடும்போது கூடு உப்பி, அந்தத் துப்பாக்கிக்குன்னே அச்செடுத்த மாதிரி ஆயிடும். சொந்தத் துப்பாக்கியில வழுக்கிட்டுப் போகும், மறுபடி அச்சுல அழுத்துற வரைக்கும் அடுத்தவன் துப்பாக்கியில முட்டும். போட்டுப் பார்த்தா யாருதுன்னு தெரிஞ்சுடப் போகுது."

கொட்டகையில் திடீரென்று சமாதானம் பிறந்தது.

"எதுக்குங்க உங்களுக்கு சிரமம்? நாங்களே பிரிச்சுக்கறோம். வேணும்னா அவனே கூட எடுத்துக்கட்டும்" என்றான் டெல்பர்ட்.

"சேச்சே, நீயே எடுத்துக்கடா. உன் படகும் நல்ல படகுதான்" என்றான் ஹார்லன்.

"நியாயம்னு வந்துட்டா நியாயம்தான். எடுங்கப்பா துப்பாக்கியை!" என்று இர்மா அதட்டினார்.

ஹார்லனின் துப்பாக்கியில் முதல் கூடு முட்டியது. அடுத்ததும் முட்டியது. எதைப் போட்டாலும் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட் மூடவில்லை.

"அப்ப எல்லாமே டெல்பர்ட்டோடதா?" என்றார் இர்மா.

டெல்பர்ட்டின் துப்பாக்கியிலும் முட்டியது. ஒன்றுகூடப் போகவில்லை. ஹார்லன் டெல்பர்ட்டைப் பார்த்தான். டெல்பர்ட் ஹார்லனைப் பார்த்தான். 'அடப்பாவி, நீயுமா?' என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

இர்மா வண்டிக்குப் போய்த் தன் துப்பாக்கியை எடுத்து வந்தார். ஒரு கூட்டைப் போட்டார். வழுக்கிக்கொண்டு போனது. போல்ட் சுகமாக மூடியது. இன்னொன்று. இன்னொன்று. சல்லடையில் கிடந்த அத்தனையும் அப்படியே.

அவர் கூடுகளை அள்ளித் தன் பையில் கொட்டிக்கொண்டார்.

"நல்லாத்தான் தேய்ச்சிருக்கீங்க. நான் வெச்ச பச்சை மை பொட்டுக்கூட மிச்சமில்லை. சரி, ஞாயித்துக்கிழமை போட்டியில பார்க்கலாம்."

வாசல் வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

"நான் ஒரே ஒரு காக்காதான்னு நினைச்சேன்ப்பா!"